எக்செல் மேக்ரோவில் செல்களை வேகமாகத் தேடுவது எப்படி

ஐம்பதாயிரம் வரிசை கொண்ட ரசீதுப் பட்டியலில் ஒரே ஒரு ரசீது எண்ணைத் தேட மேக்ரோ திணறுகிறது என்றால், பெரும்பாலும் குறை கணினியில் இல்லை, எழுதிய முறையில்தான் இருக்கிறது. புதிதாக விபிஏ (எக்செலில் மேக்ரோ எழுதும் மொழி) கற்பவர்கள் எல்லோரும் முதலில் எழுதுவது ஒன்றுதான்: மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு செல்லாகப் போய், அதைச் செலக்ட் செய்து, மதிப்பைப் பார்த்து, பொருந்துகிறதா என்று கேட்கும் லூப். அது சரியான விடையைத் தரும். ஆனால் விபிஏ ஒவ்வொரு முறை ஒரு செல்லைத் தொடும்போதும் எக்செலுக்குள் ஒருமுறை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. மளிகைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்கு நடப்பது மாதிரி. நேரமெல்லாம் நடையில்தான் போகிறது. கீழே வரும் எல்லா முறைகளுக்கும் நோக்கம் ஒன்றே: அந்தப் போக்குவரத்தைக் குறைப்பது.

உதாரணத்துக்கு ஒரு தாளை வைத்துக்கொள்வோம். முதல் வரிசை தலைப்பு. ஏ நெடுவரிசையில் ரசீது எண், பி-யில் தேதி, சி-யில் வாடிக்கையாளர் பெயர், டி-யில் தொகை.

கட்டளைச் சொற்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றையும் மாறிகளின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால், மாறியை ‘ரேஞ்ச்’ (செல்களின் தொகுதி) அல்லது ‘வொர்க்‌ஷீட்’ என்று அறிவித்துவிட்டு அதன் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வையுங்கள். பொருந்தும் சொற்களின் பட்டியலை எடிட்டரே காட்டும்.

தொடங்குமுன்

ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். இன்சர்ட் மெனுவில் மாட்யூல் சேருங்கள். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய் ‘ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்’ என்பதை டிக் செய்யுங்கள். இனிமேல் சேர்க்கும் ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ தானாக வரும். மாறியின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினால்கூட அப்போதே பிடிபடும். இது இல்லாவிட்டால் தவறான பெயர் புதிய காலி மாறியாகிவிடும், தேடல் எதையும் கண்டுபிடிக்காமல் அமைதியாக முடிந்துவிடும்.

கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமியுங்கள். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் மேக்ரோ தங்காது. மேக்ரோ செய்த மாற்றத்தைக் கன்ட்ரோல் + இசட் கொண்டு திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே சோதனைகளை எப்போதும் நகல் கோப்பில் செய்யுங்கள்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். மேக்ரோவின் முதல் வரியில் தொடக்கம் = டைமர் என்று எழுதி, கடைசி வரியில் டீபக்.பிரிண்ட் டைமர் - தொடக்கம் என்று போடுங்கள். கன்ட்ரோல் + ஜி அழுத்தினால் திறக்கும் இமீடியட் ஜன்னலில் விநாடிக் கணக்கு தெரியும். லூப்புக்குள் டீபக்.பிரிண்ட் வேண்டாம். அதுவே நேரத்தைத் தின்னும்.

எதுவரை தேடுவது?

எக்செல் 2007 முதல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். அதற்கு முந்தைய பதிப்புகளில் 65,536 வரிசைகள்தான். பழைய மேக்ரோக்களில் 65536 என்ற எண் அப்படியே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த வரியைத் தாண்டிய தரவு அவற்றின் கண்ணில் படாது. எண்ணை நேரடியாக எழுதாமல் இப்படி எழுதுங்கள் (தாள் என்பது உங்கள் ரசீதுத் தாளைக் குறிக்கும் மாறி):

கடைசி = தாள்.செல்ஸ்(தாள்.ரோஸ்.கவுண்ட், 1).எண்ட்(எக்ஸ்எல்அப்).ரோ

தாளின் அடியிலிருந்து மேலே ஏறி, ஏ நெடுவரிசையில் முதலில் தட்டுப்படும் தரவில் இது நிற்கும். மேலிருந்து எக்ஸ்எல்டவுன் கொண்டு இறங்காதீர்கள். நடுவில் ஒரு காலி செல் இருந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும். தலைப்பு மட்டுமே உள்ள தாளில் நேராகத் தாளின் அடிக்கே போய்விடும். எக்ஸ்எல்அப் முறைக்கும் ஒரு குறை உண்டு: ஃபில்டர் போட்டு மறைத்த வரிசைகளை அது தாண்டிவிடும். கடைசி ரசீதுகள் மறைந்திருந்தால் கணக்கு குறைவாக வரும். தேடுமுன் ஃபில்டரை நீக்கிவிடுவது நல்லது. தாள்.ஃபில்டர்மோட் உண்மையாக இருந்தால் மட்டும் தாள்.ஷோஆல்டேட்டா என்று எழுதுங்கள். ஃபில்டர் இல்லாதபோது அதைக் கூப்பிட்டால் பிழை வரும்.

யூஸ்டுரேஞ்ச் என்பதைக் கடைசி வரிசை அறியப் பயன்படுத்துபவர்கள் பலர். அது ஏமாற்றும். நிறம் பூசிய, கோடு போட்ட காலி செல்களையும் அது கணக்கில் சேர்க்கும். தரவு மூன்றாம் வரிசையில் தொடங்கினால், அதன் வரிசை எண்ணிக்கை கடைசி வரிசை எண்ணுக்குச் சமமாகவும் இருக்காது.

வரிசை எண்ணை வைக்கும் மாறியை ‘லாங்’ வகையில் அறிவியுங்கள். ‘இன்டிஜர்’ 32,767 வரைதான் தாங்கும். அடுத்த வரிசையில் ‘ஓவர்ஃப்ளோ’ என்று பிழை எண் 6 வந்து நிற்கும். நூறு வரிசையில் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய மேக்ரோ உண்மையான தரவில் விழுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ஒரு மதிப்பைத் தேட: ஃபைண்ட்

லூப்பே இல்லாமல் எக்செலின் சொந்தத் தேடலைக் கூப்பிடுவது இது. பகுதி என்பது ஏ2 முதல் கடைசி வரையுள்ள ரேஞ்ச் என்றால்:

செட் கண்டது = பகுதி.ஃபைண்ட்(வாட்:=ரசீதுஎண், ஆஃப்டர்:=பகுதி.செல்ஸ்(பகுதி.செல்ஸ்.கவுண்ட்), லுக்இன்:=எக்ஸ்எல்ஃபார்முலாஸ், லுக்அட்:=எக்ஸ்எல்ஹோல், சர்ச்ஆர்டர்:=எக்ஸ்எல்பைரோஸ், மேட்ச்கேஸ்:=ஃபால்ஸ்)

நீளமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு பகுதியும் தேவை. லுக்இன், லுக்அட், சர்ச்ஆர்டர் ஆகியவற்றை எக்செல் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் குறிப்பிடாமல் விட்டால், யாரோ கடைசியாகக் கன்ட்ரோல் + எஃப் பெட்டியில் வைத்த அமைப்பையே மேக்ரோவும் எடுத்துக்கொள்ளும். காலையில் சரியாக ஓடிய மேக்ரோ மாலையில் 101-க்குப் பதில் 5101-ஐக் கண்டுபிடித்துத் தரும் மர்மத்துக்குக் காரணம் இதுதான். நடுவில் யாரோ பகுதிப் பொருத்தத்தில் தேடியிருப்பார்கள். எக்ஸ்எல்ஹோல் என்று எழுதினால் செல் முழுவதும் பொருந்த வேண்டும்.

ஆஃப்டர் ஏன்? குறிப்பிட்ட செல்லுக்கு அடுத்த செல்லில்தான் தேடல் தொடங்கும். எதுவும் சொல்லாவிட்டால் முதல் செல் கடைசியாகவே பார்க்கப்படும். ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்தால் முதலாவதை விட்டு இரண்டாவதைத் தரும். பகுதியின் கடைசி செல்லைக் கொடுத்தால் தேடல் சுற்றி வந்து முதல் செல்லில் தொடங்கும்.

லுக்இன் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எக்ஸ்எல்வேல்யூஸ் என்றால் திரையில் தெரியும் வடிவத்தை ஒப்பிடும். தொகை செல்லில் 125000 இருந்து, ஃபார்மேட் அதை 1,25,000.00 என்று காட்டினால், 125000 என்ற தேடல் எக்ஸ்எல்ஹோல் முறையில் தோற்கும். மறைந்த வரிசைகளில் உள்ளதையும் அது காணாது. கையால் உள்ளிட்ட எண், எழுத்து என்றால் எக்ஸ்எல்ஃபார்முலாஸ் போதும். செல்லில் சூத்திரம் இருந்து அதன் விடையைத் தேட வேண்டும் என்றால் மட்டும் எக்ஸ்எல்வேல்யூஸ்.

கிடைக்காவிட்டால் ஃபைண்ட் பிழை காட்டாது, ‘நத்திங்’ என்று திருப்பும். அதைச் சோதிக்காமல் கண்டது.ரோ என்று கேட்டால் பிழை எண் 91. ஆகவே அடுத்த வரி எப்போதும் இஃப் நாட் கண்டது இஸ் நத்திங் தென் என்றே இருக்கட்டும். தேடும் சொல்லில் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ இருந்தால் அவை ‘எதுவும்’ என்று பொருள்படும். அந்தக் குறியையே தேட வேண்டுமானால் அதற்கு முன் ~ சேர்க்க வேண்டும்.

எல்லாப் பொருத்தங்களும் வேண்டுமா? முதல் முகவரியைக் குறித்துக்கொண்டு ஃபைண்ட்நெக்ஸ்ட் கொண்டு சுற்றுங்கள்:

முதல் = கண்டது.அட்ரஸ்
டூ
கண்டது.ஆஃப்செட்(0, 4).வேல்யூ = 1 — அல்லது உங்களுக்கு வேண்டிய வேலை
செட் கண்டது = பகுதி.ஃபைண்ட்நெக்ஸ்ட்(கண்டது)
இஃப் கண்டது இஸ் நத்திங் தென் எக்ஸிட் டூ
லூப் வைல் கண்டது.அட்ரஸ் <> முதல்

நத்திங் சோதனையையும் முகவரிச் சோதனையையும் ‘அண்ட்’ போட்டு ஒரே வரியில் சேர்த்தால் பிழை 91 வரலாம். விபிஏ-வில் அண்ட், முதல் பாதி பொய்யானாலும் இரண்டாம் பாதியையும் கணக்கிடும். இன்னொன்று: தேடும் செல்லின் மதிப்பையே லூப்புக்குள் மாற்றாதீர்கள். முதல் செல்லை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டால், தேடல் அந்த முகவரிக்குத் திரும்பவே திரும்பாது. மேக்ரோ முடிவில்லாமல் சுற்றும். அப்படிச் சிக்கினால் எஸ்கேப் அல்லது கன்ட்ரோல் + பிரேக் அழுத்தி நிறுத்தலாம்.

வரிசை எண் மட்டும் போதும் என்றால்: மேட்ச்

இடம் = அப்ளிகேஷன்.மேட்ச்(ரசீதுஎண், பகுதி, 0)

ஒரே நெடுவரிசையில் ஒரு மதிப்பைத் தேட ஃபைண்டைவிட இதையே பரிந்துரைப்போம். கன்ட்ரோல் + எஃப் பெட்டியின் அமைப்பு இதைத் தொடாது, மறைந்த வரிசையும் தடையில்லை, வேகமும் கூடுதல். இடம் என்ற மாறியை ‘வேரியன்ட்’ (எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வகை) ஆக அறிவித்து, இஸ்எரர்(இடம்) என்று சோதியுங்கள். வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்.மேட்ச் என்று எழுதினால், கிடைக்காதபோது பிழை 1004 எழுந்து மேக்ரோ நின்றுவிடும். இரண்டுக்கும் இதுதான் முக்கிய வேறுபாடு.

கிடைக்கும் எண் பகுதிக்குள் உள்ள இடமே தவிர, தாளின் வரிசை எண் இல்லை. பகுதி ஏ2-வில் தொடங்கினால் ஒன்றைக் கூட்ட வேண்டும். தேதியைத் தேடும்போது சிஎல்என்ஜி(தேதி) என்று எண்ணாக மாற்றிக் கொடுங்கள். செல்லுக்குள் தேதி ஓர் எண்ணாகத்தான் இருக்கிறது. 2024 ஜனவரி 1 என்பது உள்ளே 45292. 

எண்ணாக உள்ள 101-ம் எழுத்தாக உள்ள 101-ம் மேட்சுக்கு வெவ்வேறு. வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலில் செல்லின் இடது மேல் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால், அது எழுத்தாகச் சேமிக்கப்பட்ட எண்ணாக இருக்கலாம்.

பட்டியல் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருந்தால் கடைசி 0-க்குப் பதில் 1 கொடுக்கலாம். அப்போது எக்செல் பட்டியலைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். தாள் முழுக்க நிரம்பியிருந்தாலும் சுமார் 20 ஒப்பீட்டில் முடிந்துவிடும். ஆனால் தேடிய எண் இல்லாவிட்டால் அதற்குச் சற்றுச் சிறிய எண்ணின் இடத்தைத் தந்துவிடும். கிடைத்த செல்லில் உள்ளது தேடியதுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

பல நிபந்தனைகள் இருந்தால்: அர்ரே

தொகை 10,000-க்கு மேல், தேதி சென்ற மாதம், பெயரில் குறிப்பிட்ட சொல் என்று மூன்று நிபந்தனை சேரும்போது ஃபைண்ட் உதவாது. லூப்தான் வேண்டும். ஆனால் அந்த லூப் தாளில் ஓடக்கூடாது, நினைவகத்தில் ஓட வேண்டும்.

தரவு = தாள்.ரேஞ்ச்("ஏ2:டி" & கடைசி).வேல்யூ2

ஒரே வரி, ஒரே போக்குவரத்து. ஐம்பதாயிரம் வரிசையும் நான்கு நெடுவரிசையும் அர்ரேயாக, அதாவது நினைவகத்தில் உள்ள ஓர் அட்டவணையாக, வந்துவிட்டன. இனி தரவு(வ, 4) என்றால் வ-ஆவது வரிசையின் தொகை. வ ஒன்றில் தொடங்கி யூபவுண்ட்(தரவு, 1) வரை போகும். தாளில் அதன் வரிசை வ + 1. செல் செல்லாகப் படிக்கும் லூப்பையும் இதையும் டைமரில் அளந்து பாருங்கள். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு வித்தியாசம் தராது.

வேல்யூ என்று எழுதாமல் வேல்யூ2 என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. வேல்யூ, தேதி ஃபார்மேட் உள்ளதைத் தேதி வகையாகவும், கரன்சி ஃபார்மேட் உள்ளதைக் கரன்சி வகையாகவும் மாற்றித் தரும். அந்த மாற்றத்துக்கு நேரம் ஆகும். கரன்சி வகையில் நான்கு தசம இடத்துக்கு மேல் நிற்காது. வேல்யூ2 உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே தரும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒரே ஒரு செல்லைப் படித்தால் கிடைப்பது அர்ரே இல்லை, வெறும் மதிப்பு. ஒற்றை நெடுவரிசையை மட்டும் படிக்கும் மேக்ரோ, பட்டியலில் ஒரே ரசீது இருக்கும் நாளில் யூபவுண்ட் வரியில் பிழை 13 காட்டும். அடுத்தது, செல்லில் #என்/ஏ போன்ற பிழை இருந்தால், அதை எண்ணோடோ எழுத்தோடோ ஒப்பிடும் கணத்தில் அதே பிழை 13. முதலில் இஃப் நாட் இஸ்எரர்(தரவு(வ, 4)) தென் என்று கேட்டு, அதற்குள் இன்னொரு இஃப் வைத்து ஒப்பிடுங்கள். அண்ட் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

விடைகளையும் ஒவ்வொன்றாக எழுதாதீர்கள். இன்னோர் அர்ரேயில் சேர்த்து வைத்து, ரேஞ்சை ரீசைஸ் கொண்டு அதே அளவுக்கு விரித்து, ஒரே வரியில் இறக்குங்கள். 00457 போல முன்னால் பூஜ்யம் உள்ள எண்கள் இருந்தால், இறக்கும் நெடுவரிசையின் நம்பர்ஃபார்மேட்டை முன்பே "@" ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் 457 ஆகிவிடும்.

இரண்டு பட்டியலை ஒப்பிட: டிக்‌ஷனரி

இரண்டாயிரம் ரசீது எண்கள் ஒரு தாளில், ஐம்பதாயிரம் மற்றொன்றில். லூப்புக்குள் லூப் போட்டால் 10 கோடி ஒப்பீடுகள் வரை போகும். டிக்‌ஷனரி என்ற, சாவியோடு மதிப்பை இணைத்து வைக்கும் பட்டியலைக் கொண்டு செய்தால் 52,000 படிகள்.

செட் அகராதி = கிரியேட்ஆப்ஜெக்ட்("ஸ்கிரிப்டிங்.டிக்‌ஷனரி")

பெரிய பட்டியலை அர்ரேயாக வாசித்து, ஒவ்வொரு ரசீது எண்ணையும் சாவியாகவும் அதன் வரிசை எண்ணை மதிப்பாகவும் சேருங்கள். பிறகு சிறிய பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்கும் அகராதி.எக்ஸிஸ்ட்ஸ்(எண்) என்று கேளுங்கள். எக்ஸிஸ்ட்ஸ் இல்லாமல் நேராக அகராதி(எண்) என்று கேட்டால், இல்லாத எண்ணும் புதிய சாவியாகச் சேர்ந்துவிடும். சாவியைச் சேர்க்கும்போது சிஎஸ்டிஆர் கொண்டு எல்லாவற்றையும் எழுத்தாக்கி, ட்ரிம் செய்துவிட்டால் எண்ணா எழுத்தா என்ற குழப்பமே வராது. கேட்கும்போதும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரவில் 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரிம் அதைத் தொடாது. ரீப்ளேஸ் கொண்டு சிஎச்ஆர்டபிள்யூ(160)-ஐ நீக்குங்கள். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு வேண்டாம் என்றால், முதல் சாவியைச் சேர்க்கும் முன்பே கம்பேர்மோட் = 1 என்று வையுங்கள். பின்னால் வைக்க முடியாது. மேக் கணினியின் எக்செலில் இந்த டிக்‌ஷனரி இல்லை. அங்கே மேட்ச் முறையே வழி.

காலி செல்கள்: ஸ்பெஷல்செல்ஸ்

டி நெடுவரிசையில் தொகை விடுபட்ட செல்களையெல்லாம் பிடிக்க, பகுதியை இங்கே டி2 முதல் கடைசி வரை என்று வைத்தால், பகுதி.ஸ்பெஷல்செல்ஸ்(எக்ஸ்எல்செல்டைப்பிளாங்க்ஸ்) என்ற ஒரே வரி போதும். ஒன்றும் இல்லாவிட்டால் பிழை 1004 எழும். அந்த ஒரு வரிக்கு முன் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட், உடனே பின் ஆன் எரர் கோடூ 0. மேக்ரோ முழுக்க ரெஸ்யூம் நெக்ஸ்ட் பரவவிடுவது ஆபத்து. உண்மையான பிழைகளும் சத்தமில்லாமல் புதைந்துவிடும்.

பெரிய ஆபத்து இன்னொன்று. பகுதி ஒரே செல்லாக இருந்தால், ஸ்பெஷல்செல்ஸ் அந்தச் செல்லை விட்டுவிட்டு தாளில் பயன்பாட்டில் உள்ள பரப்பு முழுவதையும் தேடும். அதன்பின் வரிசையை நீக்கும் கட்டளை இருந்தால் தாளே சிதைந்துவிடும். கடைசி வரிசை எண் 2-ஐவிடப் பெரியதா என்று சோதித்த பிறகே கூப்பிடுங்கள். சூத்திரம் "" என்று வெற்று எழுத்தைத் தந்த செல் பார்க்கக் காலியாக இருந்தாலும் இதில் சிக்காது. அதற்கு அர்ரே லூப்தான்.

நீக்க வேண்டிய வரிசைகள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாக நீக்காதீர்கள். ஒரு உபரி நெடுவரிசையில் 1 என்று குறியிட்டு, அதன்படி அடுக்கி, ஒன்றாகச் சேர்ந்த அந்தத் தொகுதியை ஒரே கட்டளையில் நீக்குவது மிக வேகம். பழைய வரிசைமுறை திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே இன்னொரு நெடுவரிசையில் வரிசை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அணைத்ததை மீண்டும் இயக்குங்கள்

தாளில் எழுதும் மேக்ரோவில் ஸ்கிரீன்அப்டேட்டிங், எனேபிள்ஈவென்ட்ஸ் இரண்டையும் ஃபால்ஸ் ஆக்கி, கால்குலேஷனை எக்ஸ்எல்கால்குலேஷன்மேனுவல் ஆக்கினால் வேகம் கூடும். வாசிக்க மட்டும் செய்யும் தேடலுக்கு இவை பெரிதாக உதவாது. கால்குலேஷன் முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு மாறியில் பிடித்துவைத்து, முடிவில் அதையே திரும்ப வையுங்கள். நடுவில் பிழை வந்தாலும் அந்த வரிகளுக்குப் போய்ச் சேரும்படி மேக்ரோவின் தொடக்கத்தில் ஆன் எரர் கோடூ முடிவு என்றும், அந்த வரிகளுக்கு மேலே முடிவு: என்றும் எழுதுங்கள். மேலே ஸ்பெஷல்செல்ஸுக்குப் பின் கோடூ 0 போட்டிருந்தால், அதற்கு அடுத்து ஆன் எரர் கோடூ முடிவு என்ற வரியையும் மறுபடி எழுத வேண்டும். இல்லாவிட்டால் சூத்திரங்கள் புதுப்பிக்கப்படாத தாளோடு பயனர் நாள் முழுதும் வேலை செய்வார், அது அவருக்கே தெரியாது.

தமிழ்ச் சொற்களைத் தேடும்போது

விபிஏ எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. தமிழில் தட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஃபைண்டில் கேள்விக்குறி ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று பொருள்படுவதால், பிழை வராமல் சம்பந்தமே இல்லாத செல்கள் கிடைக்கும். எளிய வழி, தேடும் சொல்லைத் தாளின் ஒரு செல்லில் எழுதி, அங்கிருந்து வேல்யூ2 மூலம் வாசிப்பது. கட்டாயம் மேக்ரோவிலேயே வேண்டுமென்றால் குறியெண்களைச் சேர்க்கலாம். மதுரை என்பது சிஎச்ஆர்டபிள்யூ 2990, 2980, 3009, 2992, 3016 ஆகியவற்றை & கொண்டு இணைத்தது. எம்எஸ்ஜிபாக்ஸிலும் இமீடியட் ஜன்னலிலும் விடை கேள்விக்குறியாகத் தெரிந்தால் தேடல் தோற்றது என்று எண்ண வேண்டாம். விடையை ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள்.

‘மொத்தம்’ என்ற சொல்லில் ஒகரக் குறி 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், 3014-ம் 3006-ம் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அர்ரே லூப்பின் சமக்குறிக்கும், கம்பேர்மோட் மாற்றாத டிக்‌ஷனரிக்கும் அவை வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்திலும் ரீப்ளேஸ் கொண்டு இரட்டையை ஒற்றையாக்குங்கள். ஓகாரத்துக்கு 3015, 3006 சேர்ந்தது 3019 ஆக வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் செல்லில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பாமினியில் எம் என்ற ஆங்கில எழுத்தின் சிறிய வடிவம் ‘அ’, பெரிய வடிவம் ‘ஆ’. அத்தகைய தாளில் மேட்ச்கேஸ்:=ட்ரூ வைத்து ஃபைண்ட் செய்ய வேண்டும். அப்ளிகேஷன்.மேட்ச் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது என்பதால் அதை அங்கே பயன்படுத்தக் கூடாது. டிக்‌ஷனரியில் கம்பேர்மோடையும் தொடாமல் விடுங்கள்.